சுகர் இல்லன்னு சொல்லிடு

1

போன விடுமுறை நாளில் மாரி தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். நாங்கள் ரெண்டு பேரும் ஷார்ஜாவில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் வேலை செய்கிறோம். நான் பைப் ஃபிட்டர், அவன் பெயிண்டர். நான் திருவொற்றியூர், அவன் எண்ணூர். ஒன்பது வருஷமாக ஒரே அறை.

“மாமு, இத்தப் பாரு. பொண்டாட்டி பேர்ல ஒரு ஹெல்த் பாலிசி போடலாம்னு கீறேன். ஏற்கெனவே இன்னா நோவு கீதுன்னு கேக்குறான். அவளுக்கு தைராய்டு கீது. இல்லன்னு அமுக்கிட்டா இன்னா ஆவும்?”

அமுக்காதே என்றேன்.

“ஏன், நீ உன் பொண்டாட்டிக்கு அப்டித்தான போட்ட?”

ஆமாம் என்றேன்.

“அப்பறம்?”

அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. 

“உன்னாண்ட பேசுறதுக்கு கப்பலாண்ட பேசலாம். அதுனாச்சும் ஹாரன் அடிக்கும்” என்று சொல்லிவிட்டு மாரி எழுந்து போனான்.

அவன் சொன்னது சரி. எனக்குப் பேச வராது. எட்டாவதோடு நின்றவன், எழுதவும் பெரிதாக வராது. ஆனால் எழுதினால் நடுவில் யாரும் அப்பறம், அப்பறம் என்று கேட்க மாட்டார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கும் தெருக்கள் நம் பக்கத்தில் உண்டு. அந்த வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

2

நான் இங்கே வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கேஸ் கட்டிங் செய்தேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் மெடிக்கலுக்கு ஒரு தேதி சொன்னார். அன்றிலிருந்து தெருவே வந்து எனக்குப் புத்தி சொன்னது. மூணு நாள் ஊறுகாய் தொடாதே. பீடியை விடு. காலையில் இளநீர் குடி. எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சை நன்றாக இழுத்துப் பிடி. டாக்டர் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்.

எங்கள் தெருவில் ஒருத்தன் உண்மை சொன்னான். சின்ன வயசில் டி.பி. வந்து, மருந்து முழுசாகத் தின்று, சுத்தமாகக் குணமானவன். முன்னாடி ஏதாவது வந்திருக்கா என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். இவனும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். அன்ஃபிட் என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் சொந்தப் பேர் தெருவுக்கு மறந்தே போய்விட்டது.

“இன்னா அரிச்சந்திரா, வண்டி தேரடி போவுமா?”

“உண்மையச் சொன்னா, போவாது” என்பான் அவனும்.

எல்லோரும் சிரிப்போம். நான்தான் அதிகமாகச் சிரித்திருப்பேன். அவன் நின்ற அதே வரிசையில் நின்று, எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லி, ஃபிட் வாங்கி விமானம் ஏறியவன் நான்.

எங்கள் மாதிரி ஆட்களுக்கு அதில் ஒரு பாடம் இருந்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. தானாகப் படிந்தது. ஊசி வைத்திருக்கும் டாக்டர் வேறு, ஃபாரம் வைத்திருக்கும் டாக்டர் வேறு. ஊசிக்காரரிடம் எல்லாவற்றையும் சொல். ஃபாரக்காரரிடம் ஒன்றும் இல்லை என்று சொல். உடம்பில் இருப்பது ஒன்று, தாளில் இருப்பது ஒன்று. வீட்டில் அடுப்பு எரிவது தாளால்.

இந்தப் பாடத்தை நான் என் மனைவிக்கும் கொடுத்தேன். கெட்டது அங்கேதான்.

3

இன்சூரன்ஸ் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாமே தப்பு.

இங்கே யார்டு கம்பெனி எனக்கு ஒரு மருத்துவ அட்டை கொடுத்திருக்கிறது. என் படம் போட்டது. அது மொத்தக் குடும்பத்துக்கும் செல்லும் என்று ரொம்ப வருஷம் நம்பினேன். ஒரு தடவை என் மனைவி தேவகிக்குக் கடுமையான காய்ச்சல். அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் போனைக் காட்டியிருக்கிறாள். கவுன்ட்டரில் இருந்த பெண் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுல இந்தியாவே இல்லக்கா” என்றாளாம்.

சரி, ஊரில் ஒன்று எடுக்கலாம் என்றால், நோய் வராவிட்டால் கட்டின பணம் வீண்தானே என்று தள்ளிப்போட்டேன். நான் வேலை செய்வது உலர்துறையில். தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலை நிற்க வைத்திருப்பார்கள். சாரத்துக்குக் கீழே வலை கட்டியிருக்கும். இன்றைக்கு ஒருத்தனும் விழவில்லை, வலை வீண் என்று அங்கே ஒருநாளும் நான் சொன்னதில்லை. பாலிசிக்கு மட்டும் சொன்னேன்.

கடைசியில் ரேணுகா வந்தாள். எங்கள் தெருப் பெண். முன்னே தையல், இப்போது பாலிசி ஏஜென்ட். தேவகி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வீடியோவில் பேசினாள்.

“அண்ணாத்த, அக்காக்கு தனி ஆள் பாலிசியே எடுத்துரலாம். நீங்க அங்க கீறீங்க, உங்களையும் சேத்துப் போட்டு இன்னா பிரயோசனம்? அக்காக்கு வயசு நாப்பத்திமூணு. சுகரு, பி.பி. எதுனா கீதா?”

“ஒண்ணும் இல்லமா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இருந்தா கீதுன்னே போட்டுக்கலாம். கொஞ்சம் கூடக் கட்டணும், அந்த நோவுக்கு மட்டும் மூணு வருசம் காத்துனு இருக்கணும். அவ்ளோதான். பாலிசி குடுக்கமாட்டாங்கன்னு பயப்படாதீங்க.”

“இல்லன்றேன்ல.”

தேவகி என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சர்க்கரை வந்து அப்போதே மூணு வருஷம். மாநகராட்சி சுகாதார மையத்தில் மாசாமாசம் மாத்திரை வாங்குகிறாள். அங்கே இருக்கும் சிஸ்டர் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிக் கொடுப்பார்.

ரேணுகா பொய் சொல்லவில்லை. அவள் சொன்னதை நான்தான் நம்பவில்லை. வாயைப் பிடுங்குகிறாள் என்று நினைத்தேன். மெடிக்கலில் டாக்டரும் இப்படித்தான் சிரித்துக்கொண்டு கேட்டார்.

ரெண்டு நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியின் டாக்டர் தேவகிக்குப் போன் செய்வார் என்றார்கள். வயசு குறைவு என்பதால் ரத்தப் பரிசோதனை இல்லை, கேள்வி மட்டும்தான். முதல் நாளே தேவகியிடம் பேசினேன்.

“சுகர் இல்லன்னு சொல்லிடு.”

“தெனம் மாத்திரை போடுறேனேய்யா.”

“அது சிஸ்டர் குடுக்குறது. இவுங்களுக்கு இன்னா தெரியும்? கேட்டா இல்லன்னு சொல்லு. ரெண்டாந்தரம் கேட்டாலும் இல்லன்னு சொல்லு. தயங்காத.”

அவள் தயங்கவில்லை. பாலிசி வந்தது. தேவகி அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். ஃபிட் என்று பதில் போட்டேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கே இல்லாமலே வீட்டுக்கு ஒரு காவல் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

4

இங்கே என் நாள் இப்படித்தான். விடிவதற்குள் பஸ். ஏழு மணிக்கு ஏதாவது ஒரு கப்பலின் வயிற்றுக்குள் இருப்பேன். வெயில் மாதங்களில் பன்னிரண்டரைக்கு வெளி வேலையை நிறுத்தி மூணு மணி வரை நிழலில் உட்கார வைப்பார்கள். அப்போதுதான் வீட்டுக்குப் பேசுவேன்.

“சாப்டியா?”

“சாப்ட்டேன். நீ?”

“ம். கால் கையி நல்லா கீதா?”

“நல்லா கீறேன்.”

அவ்வளவுதான். பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் பேசிய பேச்சைச் சேர்த்து எழுதினால் ஒரு பக்கம் வராது. எல்லாம் இந்த நாலு வரிதான்.

மகள் சுபாவை நான் விட்டு வந்தபோது அவளுக்கு நாலு வயசு. இப்போது இருபத்துமூணு. ராயபுரத்தில் கன்டெய்னர் பேப்பர் பார்க்கும் ஒரு ஆபீசில் இருக்கிறாள். முன்பெல்லாம் போனைத் தாயிடமிருந்து பிடுங்கி, நைனா, நைனா என்று கத்துவாள். காலேஜ் போனதும் அப்பா ஆனேன். வேலைக்குப் போனதும் பேச்சும் நின்றது. நான் ஏதாவது கேட்டால் போனில் ஒரு கை படம் வரும். சரி என்று அர்த்தமாம். எதிலும் தப்பு இல்லை. ஆனால் அவள் குரல் எனக்கு மறந்துகொண்டு வந்தது.

தேவகி சாத்தாங்காடு மார்க்கெட் ஓரத்தில் நாஷ்டாக் கடை போட்டிருந்தாள். லோடு இறக்குகிறவர்களுக்கு இட்லி, பூரி. காலையிலிருந்து நின்ற கால்தான். அந்த ரோடு முழுக்க லாரியிலிருந்து உதிரும் இரும்புச் சீவல். அதில் ஒன்று அவள் ரப்பர் செருப்பைத் துளைத்து வலது காலில் ஏறியிருக்கிறது. சர்க்கரைக் காலுக்கு உணர்ச்சி குறையும். அவளுக்கு வலி தெரியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் ரத்தம். மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக்கொண்டாள். மறுநாள் மறுபடி கடை.

மூணு வாரம் போனது. தினமும் நான் கேட்டேன். தினமும் நல்லா கீறேன் என்றாள்.

5

ஒரு நாள் காலையில் சுபாவுக்கு வாடை அடித்திருக்கிறது. துணியை அவிழ்த்துப் பார்த்தால் சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. கடை வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஆட்டோவில் ஏற்றி, பாலிசி அட்டையோடு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

அட்டையைக் காட்டினால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸுக்கென்று ஒரு மேசை இருக்கிறது. அங்கிருந்து கம்பெனிக்கு எழுதுவார்கள். என்ன நோய், எத்தனை நாளாக, முன்பு என்ன இருந்தது என்று கம்பெனி கேட்கும். டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவதுதான் பதிலாகப் போகும். பிறகுதான் அவர்கள் சரி என்பார்கள், அல்லது முடியாது என்பார்கள்.

நான் கப்பலின் அடிநிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். தேவகியிடமிருந்து போன்.

“யோவ், டூட்டி டாக்டர் வந்துகீறாரு. ஃபாரம் வச்சுகினு கேக்குறாரு. சுகரு எத்தினி வருசமா கீதுன்னு. பக்கத்து கட்டிலாண்ட போய்கீறாரு, இப்ப வந்துருவாரு. இன்னா சொல்றது?”

அவள் கேட்டது சரியான கேள்வி. இந்த டாக்டரிடம் ஃபாரமும் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இப்படி ஒரு டாக்டர் இல்லை.

பின்னால் சுபாவின் குரல் கேட்டது. “எம்மா, அவர இன்னாத்துக்குக் கேக்குற? உள்ளதச் சொல்லும்மா.”

உள்ளதைச் சொன்னால் பாலிசி போய்விடும். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. கால் எனக்குத் தெரியவில்லை. நான் அந்தக் காலைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தது அட்டையை மட்டும்தான்.

“இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லு” என்றேன்.

“இப்பத்தான் டாக்டர் தெரிஞ்சுது. இங்க வந்து ரத்தம் எடுத்தப்பறம்” என்று, திரும்பி வந்த டாக்டரிடம் அவள் சொல்வது எனக்குப் போனில் கேட்டது. தெளிவாகச் சொன்னாள். தயங்கவில்லை.

“அப்ப மாத்திரை எதுவும் சாப்பிடல?”

“இல்ல டாக்டர்.”

6

பொய் வாயில் நிற்காது. அடுத்து கைக்கு வரும், வயிற்றுக்கு வரும்.

மாத்திரை எதுவும் இல்லை என்று நம்பி டாக்டர் இன்சுலின் ஊசி போடச் சொல்லியிருக்கிறார். தேவகி அந்த ஊசியைப் புண்ணுக்கு என்று நினைத்தாள். தினம் போடும் சர்க்கரை மாத்திரை அவள் பையில் இருந்தது. நிறுத்தினால் சுகாதார மையத்து சிஸ்டர் திட்டுவார் என்ற பயம். எடுத்தால் இங்கே யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம். நாஷ்டா முடிந்ததும் பாத்ரூமுக்குப் போய்க் குழாய்த் தண்ணீரில் விழுங்கியிருக்கிறாள். மாத்திரையும் சேர்ந்தது, ஊசியும் சேர்ந்தது.

மூணாம் நாள் காலை உடம்பெல்லாம் வேர்த்தது. நாக்கு குழறியது. சுபாவை யாரோ என்று பார்த்தாள். அப்புறம் கண் சொருகிவிட்டது. நர்ஸ் ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

“இந்த டோஸுக்கு இவ்ளோ கீழ போகாதே” என்று டாக்டர் குழம்பியிருக்கிறார். சுபா பையைத் தலைகீழாகக் கட்டிலில் கொட்டினாள். மாத்திரைப் பட்டை விழுந்தது. அதை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தாள். தாய் கண் திறந்ததும் வீட்டுக்குப் போய், சுகாதார மையத்து நோட்டையும் எடுத்துவந்து கொடுத்தாள்.

அன்று இடைவேளையில் அவளே எனக்குப் போன் செய்தாள். பல மாதம் கழித்து அவள் குரல்.

“அம்மா பொழச்சிக்கிச்சு.”

“இன்னா ஆச்சு?”

“நீ சொன்னத அம்மா செஞ்சிச்சு. அதான் ஆச்சு.”

நடந்ததை முழுசும் சொன்னாள்.

“நோட்ட குடுத்துட்டேன். ஆறு வருஷமா சுகர்னு டாக்டர் எழுதிட்டாரு. இனி கம்பெனி ஒத்துக்காது. தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

சரி என்றேன்.

“சரின்னா? வேற ஒண்ணுமே சொல்றதுக்கு இல்லியா உனுக்கு?” அழுதாள். “அது என் கைய புடிச்சுகினு நீ யாருன்னு கேக்குது நைனா.”

மூணு மணி சைரன் அடித்தது. எல்லோரும் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். நானும் எழுந்தேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

7

அவசர லீவுக்கு ஆபீசில் ஒரு ஃபாரம் உண்டு. காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று குமாஸ்தா கேட்டார். வடநாட்டுக்காரர். என் இந்தி யார்டு இந்தி. மனைவிக்கு உங்கிலி, அதாவது விரல், எடுக்கப்போகிறார்கள் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார்.

“ஒரு விரலுக்கு லீவா?”

காலைத் தூக்கிக் காட்டினேன். ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும் என்றார். கடிதம் வந்தது. முத்திரை தெளிவாக இல்லை என்றார். மறுபடி வந்தது. மேலதிகாரி ஊரில் இல்லை. டிக்கெட் கைக்கு வர எட்டு நாள் ஆனது.

அதற்குள் இன்சூரன்ஸ் கம்பெனி முடியாது என்று சொல்லிவிட்டது. சுபா தாயை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றினாள். அங்கே ரெண்டு விரலை எடுத்தார்கள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஒன்றோடு போயிருக்கலாம் என்று அங்கே டாக்டர் சொன்னாராம். இருக்கலாம் என்றுதான் சொன்னாராம். நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். பிடி கிடைக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது தேவகி வீட்டுக்கு வந்திருந்தாள். கட்டு போட்ட காலை நாற்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கறுத்து, இளைத்து இருந்தாள்.

“இன்னாய்யா, ரெண்டு வெரலுக்கா இம்மா தூரம் வந்த?”

பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் சொன்னதால்தான் என்று சொல்ல வந்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

“உன் ஒருத்தன் தப்பா? சொன்னது என் வாயிதானே. இத்தினி வருசம் நாம பொழச்சது அப்டித்தான். எனுக்கும் சரின்னுதான் பட்டுச்சு.”

“புண்ண ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அங்கருந்து இன்னா பண்ணுவ? சோறு இறங்காது, அவ்ளோதான்.”

கம்பெனியின் கடிதம் அலமாரியில் இருந்தது. பாலிசி எடுக்கும்போது இருந்த நோயை மறைத்ததால் பணம் தர முடியாது, பாலிசியும் ரத்து. ரேணுகாவைக் கூப்பிட்டு எங்காவது மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன்.

“எழுதிப் போடலாம் அண்ணாத்த. புகார் சொல்றதுக்கு இடம் கீது. ஆனா அக்கா இல்லன்னு சொன்ன போன் பேச்ச அவுங்க பதிஞ்சு வச்சுகீறாங்க. இன்னான்னு எழுதுவீங்க?”

அவள் பாலிசித் தாளைப் புரட்டித் தேதியைப் பார்த்தாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்பது போல் என்னைப் பார்த்தாள்.

“இன்னா, சொல்லுமா.”

“பாலிசி எடுத்து மூணு வருசம் ரெண்டு மாசம். அன்னிக்கே சுகர் கீதுன்னு போட்டிருந்தா காத்திருக்குற காலம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆயிருக்கும். இந்தக் காலுக்கு அவுங்க குடுத்துதான் ஆவணும்.”

தெருவில் கன்டெய்னர் லாரி போனது. வீடு லேசாக அதிர்ந்தது.

ஃபாரம் என்றால் நம்மைத் தள்ளத்தான் கேட்கிறார்கள் என்பது எங்கள் பிழைப்பு கற்றுக்கொடுத்தது. வேலைக்குக் கேட்கிற ஃபாரம் அப்படித்தான். அங்கே நோய் இருந்தால் வெளியே. இந்த ஃபாரம் அப்படி இல்லை. இதில் எழுதினது உள்ளே, எழுதாதது வெளியே. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு காலில் ரெண்டு விரல் போனது. ஆரம்பத்தில் சோதிக்காமல் கொடுத்துவிட்டார்கள் என்றால் நம்பிவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. சோதனை பிறகு வரும். நாம் படுத்துக் கிடக்கும்போது வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால் எல்லாக் கம்பெனியும் கொடுக்கும் என்று இல்லை. கூடக் கட்டச் சொல்வார்கள், சிலர் மாட்டோம் என்பார்கள். அதை அன்றைக்கே தெரிந்துகொண்டால் வேறு வழி தேடலாம். அரசாங்க ஆஸ்பத்திரி அன்றும் அங்கேதான் இருந்தது. நேராக அங்கே போயிருப்போம்.

8

லீவு முடியும் வரை புண்ணை நான்தான் துடைத்துக் கட்டினேன். சிஸ்டர் செய்துகாட்டினார். முதல் நாள் கட்டை மூணு தடவை அவிழ்த்துக் கட்டினேன். ரெண்டு டன் குழாயைத் தொங்கவிட்டு ஒரே தடவையில் சேர்க்கிறவன் நான்.

சுபா என்னோடு அதிகம் பேசவில்லை. வேலையிலிருந்து வந்து தாயிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பாள், எழுதி வைப்பாள். நான் கிளம்பும் அன்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தாள்.

“அம்மாக்கு வேற ஒரு கம்பெனில கேட்டேன். எல்லாத்தையும் எழுதித்தான் கேட்டேன். பழைய பாலிசி ரத்தானது, எதுக்கு ரத்தாச்சுன்றது, எல்லாம். முடியாதுன்னுட்டாங்க. இன்னொண்ணு பாக்குறேன்.”

“உனக்கு?”

“எடுத்துட்டேன். தனியா. அம்மாக்கு சுகர்னு அதுலயும் எழுதிட்டேன்.” பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். “உனக்கும் எடுக்கணும்பா. நீ வேலைய உட்டுட்டு வர்ற அன்னிக்கே அந்த கம்பெனி அட்டை செத்துரும். அம்பத்தொண்ணு ஆவுது உனக்கு. நா கேள்வி அனுப்புறேன், பதில் போடு.”

நான் இங்கே திரும்பி வந்து ரெண்டாம் வாரம் கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றாக அனுப்பினாள். பிறந்த தேதி. உயரம். எடை. பீடி சிகரெட் உண்டா. எல்லாவற்றுக்கும் உடனே பதில் போட்டேன். ஏதாவது நோய் உண்டா, எத்தனை வருஷமாக என்று கடைசியாக வந்தது.

அதற்கு நான் பதில் போடவில்லை. நாலு நாளாகிறது. அவள் மறுபடி கேட்கவும் இல்லை.

மாரிக்குச் சொல்ல முடியாததை எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் எழுதிவிட்டு இதை விட்டால் எழுதினது எல்லாம் பொய். எனக்கு பி.பி. இருக்கிறது. பதினோரு வருஷமாக. யார்டுக்கு வெளியே ஒரு மருந்துக் கடையில் மாத்திரை வாங்குகிறேன். லாக்கரில், சாக்ஸுக்குள் வைத்திருக்கிறேன். உயரத்தில் ஏறுகிறவர்களுக்கு யார்டில் வருஷா வருஷம் மெடிக்கல் உண்டு. அந்த வாரம் உப்பைக் குறைத்து, மாத்திரையைக் கூட்டி, ஃபிட் வாங்கிவிடுவேன். மாரிக்குத் தெரியாது. தேவகிக்குத் தெரியாது.

பி.பி. இருக்கிறது, பதினோரு வருஷம் என்று இப்போது சுபாவுக்கு அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள். பதில் வந்தது.

“அம்மாக்கு தெரியுமா?”

தெரியாது என்று போட்டேன். நீயே சொல்லு என்றும் போட்டேன். அதை உடனே அழித்துவிட்டேன். நானே சொல்கிறேன் என்று மாற்றிப் போட்டேன்.

இன்று விடுமுறை. மாரி வெளியே துணி துவைத்துக்கொண்டிருக்கிறான். தேவகியின் நம்பரை எடுத்தேன். ரெண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“சாப்டியா?” என்றாள்.

“இன்னும் இல்ல. உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். சித்த குந்து” என்றேன்.